புயலே வீசாத ஜூன்

1

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் பகுதியில் புயல் எதுவும் வீசவில்லை என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதைச் சமையலறையில் நின்று படித்தேன். தலைக்கு மேல் கூரையில் பதினோரு ஓடுகள் இல்லை. அவை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் ஒன்று படபடத்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டு யூர்கனின் காற்றடைத்த நீச்சல்குளம் எங்கள் ஆப்பிள் மரத்தின் உச்சியில் தொங்கியது. அது எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

நான் ராயபுரத்தில் பிறந்தவள். வட ஜெர்மனியின் ஒரு துறைமுக நகரத்தில் பத்தொன்பது வருடங்களாகக் குடியிருக்கிறேன். கணவர் ஆண்டனிக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி கடலில். மகள் அனிதாவுக்குப் பதினாறு வயது. நான் சரக்குக் கப்பல்களுக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். அதாவது, காகிதத்தை நம்பிப் பிழைப்பவள். ஆகவே காகிதம் ஒன்றைச் சொன்னால் உடனே மறுத்துவிடமாட்டேன். முதலில் கூரையைத்தான் சந்தேகப்படுவேன்.

காப்பீட்டு நிறுவனம் மிகுந்த மரியாதையோடு விளக்கியிருந்தது. புயல் என்றால் எட்டாம் எண் காற்று. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதிகாரபூர்வக் கருவி அன்று பதிவு செய்தது ஏழு. ஏழு என்பது வெறும் பலத்த காற்று. பலத்த காற்றுக்கு ஓடுகளைத் தூக்கும் அதிகாரம் கிடையாது.

அந்த மாதம் முழுக்க இப்படித்தான். காலையில் வெயில் கொளுத்தும், மதியம் வானம் கறுக்கும், மாலையில் ஆலங்கட்டி விழும். தொலைக்காட்சியில் தினமும் ஒருவர் வந்து "பதிவுகள் தொடங்கிய நாளிலிருந்து" என்று ஆரம்பிப்பார். எங்கள் தெருவில் மட்டும் பதிவுகள் இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறது.

2

இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று ராயபுரத்துக்குத் தம்பி சேவியரைக் கூப்பிட்டேன். அவன் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், காலிக் கண்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டு ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். நான் கடிதத்தை நடித்தே காட்டினேன்.

"சிரிச்சி முடிச்சிட்டியாக்கா?" என்றான். "எனுக்கும் அதே மாதிரி ஒரு கடுதாசி வந்துகீது. உனுக்கு ஓடு போச்சி. எனுக்கு வேலை போச்சி."

பத்து நாளாக என்னிடம் மறைத்திருக்கிறான். துருவித் துருவிக் கேட்ட பிறகு சொன்னான்.

ஒரு சனிக்கிழமை மதியம். கத்திரி முடிந்தும் வெயில் இறங்காத நாள். யார்டின் வாசல் கேபினில் வாட்ச்மேன் முனுசாமி உட்கார்ந்திருந்தார். கத்திவாக்கத்துக்காரர், முழங்கால் கெட்டுப்போகும் வரை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். திடீரென்று கேபினை விட்டு நொண்டிக்கொண்டே வந்து சேவியரின் கையைப் பிடித்தாராம்.

"சேவியரு, மேக்கால காத்து நின்னு பூடுச்சி. இது நல்லதுக்கு இல்ல. ஆளுங்கள ஜல்தியா வெளிய இட்டுகினு வா."

சேவியர் விசில் ஊதினான். உள்ளே இருந்த பன்னிரண்டு பேரையும் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். ஐந்து நிமிடத்தில் மாதவரம் பக்கமிருந்து புழுதி எழுந்து வந்தது. ஐந்தடுக்கு உயரத்தில் மேலே இருந்த பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்தன. காலிப் பெட்டிதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு லாரி நீளம். அதில் ஒன்று முனுசாமியின் கேபின் மேல் விழுந்தது. பிறகு பெட்டியைத் தூக்கியபோது அவருடைய சோற்று டப்பா ஒரு தட்டு போலக் கிடைத்ததாம்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சேவியருக்கு மட்டும் ஒரு மெமோ, விசாரணை முடியும் வரை தற்காலிகப் பணிநீக்கம். குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, மேலிடத்தில் அனுமதி பெறாமல் வேலையை நிறுத்தியது. இரண்டு, பெட்டிகளைச் சரியாக அடுக்காதது. இரண்டாவதற்கு முதலாவதே ஆதாரம்: விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து ஆட்களை வெளியேற்றியிருக்கிறார், ஆகவே அடுக்கியது சரியில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. இணைப்பாக, அன்றைய தினம் நகரத்தின் அதிகாரபூர்வ வானிலைப் பதிவு. அதில் எழுதியிருந்தது: லேசான காற்று.

"அந்த மெஷினு சிட்டிக்கு அந்தாண்ட கோடில கீதுக்கா," என்றான் தம்பி. "அங்க லேசாதான் அடிச்சிருக்கும். அவங்க மேல தப்பு இல்ல. ஆனா அந்தப் பேப்பர வெச்சிகினு என் வூட்டு அடுப்ப அணைக்கறாங்களே."

3

அனிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தமிழைப் புரிந்துகொள்வாள், பேசுவது அவசரத்துக்குத்தான். கைபேசியை வாங்கி மிகுந்த அக்கறையோடு கேட்டாள்: "மாமா, நீங்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டீர்களா?"

"நான் எங்க கண்ணு பண்ணேன்? அவங்கதான் என்னிய நிறுத்திட்டாங்க," என்றான் சேவியர். அந்த அழைப்பில் அவன் சிரித்தது அப்போது மட்டும்தான்.

மொழி விஷயத்தில் மகளைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் கோடையில், அலுவலகக் கூட்டத்தில் "இன்று வெளியே ஒரே புழுக்கம்" என்று ஜெர்மனில் சொன்னேன். ஓர் உயிரெழுத்தைக் கொஞ்சம் மாற்றி உச்சரித்துவிட்டேன். அதனால் இன்று வெளியே எல்லா ஆண்களும் ஆண்களையே காதலிக்கிறார்கள் என்று பொருளாகிவிட்டது. மேலாளர் யோசித்து, "எல்லாரும் இல்லை, ஸ்டெல்லா. சிலர்தான்" என்று பதில் சொன்னார்.

ராயபுரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே எனக்கும் வானிலைத் தமிழுக்கும் ஒத்துப்போகவில்லை. "துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று வானொலியில் சொல்வார்கள். புயலைப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தார். அந்த இரவுகளில் அவர் வீட்டுக்கு வரமாட்டார். அதற்கும் கூண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று தெரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

மறுநாள் அனிதா காப்பீட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வானிலை அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாறி மாறிப் பேசினாள். நான் பத்தொன்பது வருடங்களாக இந்த நாட்டு அதிகாரிகளிடம் பேசும்போது மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். அவள் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டபோது பெருமையாகவும் இருந்தது, யார் வீட்டுப் பெண்ணோ என்றும் இருந்தது.

வெளியே வந்து சொன்னாள். கருவி இல்லாத இடத்தில் காற்றின் வேகம் தெரியாவிட்டால், அக்கம்பக்கத்தில் நல்ல நிலையில் இருக்கும் மற்ற கட்டடங்களும் சேதமாகியிருந்தால் போதும். புயல் வீசியதாக ஏற்றுக்கொள்ள வேண்டும். காப்பீட்டு ஒப்பந்தத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கிறதாம். யூர்கன் வீட்டுப் புகைபோக்கியும் எதிர்வீட்டுக் கூரையும் உடைந்திருந்தன. படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு வாரத்தில் எங்களுக்குப் புயல் வீசிவிட்டது என்று பதில் வந்தது.

"மாமாவுக்கும் அக்கம்பக்கம் இருக்கிறதுதானே?" என்றாள் அனிதா.

4

ஜூன் கடைசி வாரத்தில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் இருவரும் ராயபுரத்துக்குப் புறப்பட்டோம். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சேவியர் வீட்டில் இறங்கினோம். சேவியரின் மனைவி ரோசி காபி கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை.

"உங்க ஊர்ல ஓடு பறந்தா மன்னிப்பு கேட்டு லெட்டர் போடுறாங்க, அண்ணி," என்றாள். "இங்க பன்னெண்டு பேர காப்பாத்துனவரு வூட்ல குந்திகினு கீறாரு. நீங்க வந்து இன்னா பண்ணப் போறீங்க?"

நியாயமான கேள்வி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சாக்லேட் இருக்கும், ஆலோசனை இருக்கும். ரோசிக்கு இரண்டுமே வேண்டியிருக்கவில்லை.

இருந்தாலும் அடுத்த மூன்று நாட்கள் நானும் அனிதாவும் முனுசாமியும் ஆட்டோவில் அலைந்தோம். யார்டுக்கு எதிரே டீக்கடையின் தகரக் கூரை பறந்து லாரி ஷெட்டில் கிடந்தது. பக்கத்துக் கிடங்கின் மதில் இருபதடி சரிந்திருந்தது. கத்திவாக்கத்தில் கரையில் கட்டியிருந்த மூன்று பைபர் படகுகள் கவிழ்ந்து, ஒன்றின் முனை உடைந்திருந்தது. மின்கம்பங்கள் சாய்ந்ததால் ராத்திரி வரை கரண்டு இல்லை என்று தெருவே சொன்னது. ஒவ்வொருவரிடமும் அனிதா பெயர், நேரம், சேதம், கையெழுத்து வாங்கினாள். அவளுடைய தமிழ் புத்தகத்திலிருந்து வந்தது. "ஐயா, காற்று உங்களை எத்தனை மணிக்குத் தாக்கியது?" என்று கேட்டாள்.

படகுக்காரர் ஒருவர் முனுசாமியிடம் கேட்டார்: "இன்னாண்ணே, கொயந்த நியூஸ் வாசிக்குது?"

"ஃபாரின் கொயந்த. அப்டித்தான் பேசும். கேட்டதுக்குப் பதில் சொல்லுபா."

"மூணே முக்காலுக்கு அடிச்சிச்சிம்மா. செம அடி. தொம்சம் பண்ணிடுச்சி."

அனிதா என்னைப் பார்த்தாள். "தொம்சம் என்றால் எத்தனை?" என்று ஜெர்மனில் கேட்டாள். அவள் தயாரித்த அட்டவணையில் எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது.

முப்பத்தொரு கையெழுத்துகள் சேர்ந்தன.

5

விசாரணை யார்டு அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் புதுக் காரில் வந்தார். காரை எடைமேடைக்குப் பக்கத்துத் தகர ஷெட்டின் நிழலில் நிறுத்தச் சொன்னார். வெயில் பெயிண்டுக்கு ஆகாதாம்.

சேவியருக்குத் துணையாக உடன் வேலை செய்பவர் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்பது விதி. முனுசாமி போனார். நானும் அனிதாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஏசி வேலை செய்யாததால் கதவு திறந்தே இருந்தது. எல்லாம் காதில் விழுந்தது.

முனுசாமி கேட்டார்: "சார், காத்தே அடிக்கலன்னா என் கேபின் மேல பொட்டி எப்டி சார் வந்துச்சி? நடந்தா வந்துச்சி?"

"அடுக்கு சரியில்லன்னா தானா விழும்," என்றார் அதிகாரி.

"அப்போ டீக்கடைக் கூரை? அதையும் சேவியருதான் அடுக்குனாரா?"

சேவியர் கையெழுத்துத் தாள்களை மேசையில் வைத்தான். அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பொறுமையானவர்தான். கடைசிப் பக்கத்தில் அனிதாவின் அட்டவணையைக்கூட ரசித்தார்.

"நல்லாத்தான் தயார் பண்ணிருக்கீங்க. ஆனா இவங்க யாரும் அதிகாரபூர்வ ஆளுங்க இல்லையே. டீக்கடைக்காரர், மீனவர், கிடங்கு கூலி. இதெல்லாம் அவங்க அபிப்பிராயம். பதிவுன்னா இதான்." நகரத்தின் வானிலைத் தாளைத் தட்டிக் காட்டினார். "லேசான காற்று."

சேவியர் மெதுவாகச் சொன்னான்: "சார், நான் பன்னெண்டு பேர வெளிய கொணாந்தேன். அது எந்தப் பேப்பர்லயும் இல்ல சார்."

"அது குற்றச்சாட்டுல ஒண்ணாவது பத்தியில இருக்கு," என்றார் அதிகாரி. கேலியாக இல்லை. நிஜமாகவே எடுத்துக் காட்டினார்.

முனுசாமி அப்போது எழுந்து ஜன்னலுக்குப் போனார். மூக்கை உயர்த்தி நின்றார். "சேவியரு," என்றார், "நின்னு பூடுச்சிபா."

சேவியருக்கு அன்று யார்டில் எந்த அதிகாரமும் இல்லை. இருந்தும் படிக்கட்டில் பாய்ந்து இறங்கி விசில் ஊதினான். கீழே இருந்தவர்கள் கேள்வி கேட்கவில்லை. எல்லாரும் சாலைக்கு ஓடினார்கள். "விசாரணை நடக்குது, எங்க போறீங்க?" என்று அதிகாரி வாசலில் வந்து நின்றார். முனுசாமி அவருடைய முழங்கையைப் பிடித்து மறுபடி அறைக்குள் இழுத்து, ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார வைத்தார். நானும் அனிதாவை இழுத்துக்கொண்டு அறைக்குள் மேசைக்குப் பின்னால் போனேன்.

பத்து நிமிடம்தான். கட்டடமே அதிர்ந்தது. கண்ணாடி ஒன்று உடைந்து தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. எதுவோ பெரிய உலோகம் கீழே மோதும் சத்தம் கேட்டது. அனிதா என் கையை இறுக்கிப் பிடித்து, "அம்மா, பயமா கீது," என்றாள். சுத்தமான ராயபுரத்துத் தமிழில் சொன்னாள். அவள் பயத்துக்கு எந்த மொழி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

காற்று அடங்கியதும் இறங்கிப் பார்த்தோம். பெட்டிகள் விழவில்லை. சம்பவத்துக்குப் பிறகு மூன்றடுக்காகக் குறைத்திருந்தார்கள். தகர ஷெட்டின் கூரை மட்டும் பாதி பெயர்ந்து, விளிம்பால் அதிகாரியின் புதுக் காரை முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை கிழித்துவிட்டிருந்தது. டிரைவர் சாலையில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தார். விசில் கேட்டதும் எல்லாரோடும் ஓடி வந்தாராம்.

அதிகாரி காரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், சேவியரை மட்டும் பார்க்கவில்லை.

6

நான்காம் நாள் அதிகாரி சேவியருக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி ரோசி சைகை காட்டினாள்.

காரின் காப்பீட்டுக்காரர்கள் தகராறு செய்கிறார்களாம். அன்று நகரத்தின் பதிவில் மிதமான காற்று என்றுதான் இருக்கிறது, பராமரிப்பில்லாத ஷெட்டுக்குக் கீழே நிறுத்தியது உங்கள் கவனக்குறைவு என்கிறார்களாம். நேரில் பார்த்தவர்கள் யாராவது எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

"முனுசாமியும் நீங்களும் ஒரு ஸ்டேட்மெண்ட் குடுத்தா..."

முனுசாமி அப்போது சேவியர் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு போன் பக்கம் குனிந்தார்.

"சார், நான் எழுதுனா அது அபிப்பிராயம் சார். பதிவு இல்ல."

ரோசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி இந்தக் கட்டத்தில் ஏதாவது பேரம் பேசுவான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் பேசியிருப்பேன். பத்தொன்பது வருடம் பத்திர வேலை பார்த்தவள்.

"எழுதித் தரோம் சார்," என்றான் சேவியர். "காத்து அடிச்சது நெசம். உங்களுக்கு ஒரு காத்து, எனுக்கு ஒரு காத்துன்னு எழுத எனுக்குத் தெரியாது."

போனை வைத்த பிறகு ரோசி அவனைத் திட்டினாள். நானும் சேர்ந்துகொண்டேன். அவன் தட்டைக் கழுவிவிட்டு, முனுசாமியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். அனிதா தன் அட்டவணையைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைப் பார்த்தே தேதியும் நேரமும் நிரப்பினான்.

ஜூலை முதல் வாரத்தில் உத்தரவு வந்தது. அடுக்கு பற்றிய குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது, "சம்பவ இடத்தில் வழக்கத்துக்கு மாறான காற்று நிலவியிருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது." அனுமதியின்றி வேலையை நிறுத்தியதற்கு மட்டும் எச்சரிக்கை. எச்சரிக்கப்பட்ட சேவியர் திங்கட்கிழமை வேலைக்குப் போனான். ஊருக்குக் கிளம்பும்போது என் பெட்டியில் ரோசி வைத்த ஒரு கிலோ காய்ந்த வஞ்சிரம் இருந்தது. அதை ஜெர்மன் சுங்கத்தில் எப்படி விளக்குவது என்பதைப் பற்றி அவள் யோசித்திருக்கவில்லை.

7

நாங்கள் திரும்பியபோது இங்கே மாத அறிக்கை வெளியாகியிருந்தது. சில இடங்கள் வறண்டு, சில இடங்களில் வெள்ளமாகக் கொட்டியதால், மொத்தத்தில் மழை சராசரியை ஒட்டியே இருந்ததாம். ஜூன் இயல்பான மாதம். யூர்கன் அதைச் செய்தித்தாளிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார், புகைபோக்கி இல்லாத தன் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு. இயல்பு என்பது யாருக்கும் நேராத ஒன்று என்று எனக்குப் புரிய ஆரம்பித்திருக்கிறது.

அனிதா இப்போது முனுசாமியோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறாள். போன வாரம் சாப்பாட்டு மேசையில் அவள் அறையைப் பற்றி நான் குறை சொன்னபோது "பேஜாரு பண்ணாதம்மா" என்றாள். ஆண்டனி கப்பலிலிருந்து கூப்பிட்டபோது அதைப் புகார் போலச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

யார்டில் ஒரு மாற்றம். தலைமை அலுவலகம் ஷிப்ட் பதிவேட்டில் "காற்று" என்று ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறது. வாசலில் இருப்பவர் தினமும் நிரப்ப வேண்டும். அதனால் அது முனுசாமியின் வேலை ஆயிற்று. நேற்று சேவியர் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். மதிய இடைவேளையில், அலுவலக மேசையில் பத்திரங்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். நான்காம் வகுப்புவரை படித்த கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து அழுத்தி எழுதியது. திங்கள், ஒண்ணியும் இல்ல. செவ்வாய், ஒண்ணியும் இல்ல. புதன்கிழமைக் கட்டம் போதாமல் எழுத்து ஓரத்துக்கு ஏறிப் போயிருந்தது.

"மேக்கால இருந்து வந்துச்சி. எல்லாரையும் ரோட்டுக்கு இட்டாந்துட்டோம். போயிடுச்சி. ஆளு யாரும் சாவல."